கையில் இருந்த சிலம்பும் உள்ளிருந்த பரலும்

சிலப்பதிகாரத்தைப் பற்றிய பட்டிமன்றங்களில் அலுக்காமல் எழுப்பப்படும் வினா ஒன்று உண்டு. கோவலன் கொலையுண்டமைக்குக் காரணம் பொற்கொல்லனின் வஞ்சமா, பாண்டியனின் அவசரமா, ஊழின் வலியா என்பதே அது. மூன்று கட்சியினரும் மேடையேறி முழங்குவர். நடுவர் ஏதேனும் ஒரு பக்கம் தீர்ப்புரைப்பார். அவையோர் கைதட்டிக் கலைவர். மறுநாள் வகுப்பறையில் ஆசிரியரும் அதே மூன்று தலைப்புகளைக் கரும்பலகையில் எழுதிப் பாடத்தை முடிப்பார். குற்றவாளி யார் என்று தேடுவதிலேயே அனைவரும் முனைந்து நிற்பதால், அதனினும் அடிப்படையான வினா ஒன்று கேட்கப்படாமலே போய்விடுகின்றது. பாண்டியன் எவ்வாறு முடிவு செய்தான்?

இவ்வினாவிற்கு விடை தேடுவார்க்கு இளங்கோவடிகள் குறை வைக்கவில்லை. ஒரே அரசன் ஒரே சிலம்பைப் பற்றி இருமுறை முடிவு செய்கின்றான். முதல் முடிவு கொலைக்களக் காதையில். இரண்டாவது வழக்குரை காதையில். முதலாவதால் குற்றமற்ற வணிகன் ஒருவன் மாண்டான். இரண்டாவதால் அரசனே மாண்டான். இரண்டிற்கும் இடையே கழிந்தது நெடுங்காலம் அன்று. அதற்குள் பாண்டியனுக்குப் புதிய கல்வி ஏதும் வாய்த்துவிடவில்லை. அவன் இயல்பும் மாறிவிடவில்லை. மாறியது முடிவு செய்த முறை ஒன்றே. இவ்விரு காதைகளையும் தனித்தனிப் பாடமாக நடத்தும் வழக்கத்தை விட்டு, அருகருகே வைத்துப் படிப்பார்க்கு, மனிதர் தம்மையறியாமல் எவ்வாறு ஒரு முடிவுக்கு இழுக்கப்படுகின்றனர் என்பதும், சான்று கொண்டு முடிவு செய்தல் எத்தன்மையது என்பதும் ஒருங்கே விளங்கும்.

முதற்காட்சியை நோக்குவோம். அரசவையில் ஆடல் மகளிரின் கூத்தும் பாட்டும் நிகழ்ந்தன. அவற்றில் அரசன் உள்ளம் சென்றதெனக் கோப்பெருந்தேவி ஊடினாள். அதனை வெளிக்காட்டாமல் தலைநோய் என்று சொல்லிவிட்டு அந்தப்புரம் சேர்ந்தாள். அமைச்சர் நீங்கிய பின்னர், தேவியின் ஊடலைத் தணிக்கும் வேட்கையோடு அரசன் அவள் மாளிகையை நோக்கி நடக்கின்றான். அம்மாளிகையின் வாயிலில் அவனை எதிர்கொண்டு விழுந்து வணங்குகின்றான் பொற்கொல்லன்.

கதைக்கு இவ்வளவும் இன்றியமையாதனவா? பொற்கொல்லன் அரசனிடம் கோள் சொன்னான், அரசன் ஆணையிட்டான் என்று இரண்டே அடிகளில் முடித்திருக்கலாம். அடிகளோ அரசன் எங்கே நின்றான், எங்கிருந்து வந்தான், எங்கே போகத் துடித்தான், உடன் யார் இல்லை என்பனவற்றையெல்லாம் எண்ணி எண்ணி வைத்துள்ளார். வழக்குக் கேட்கும் இடம் அவை. அரசன் நின்றதோ அந்தப்புர வாயில். அறிவுரை கூறுவோர் அமைச்சர், அவர்களோ போய்விட்டனர். நெஞ்சமெல்லாம் தேவியின் ஊடல். காதில் விழுந்ததோ அத்தேவியின் சிலம்பு கிடைத்துவிட்டது என்னும் செய்தி. ஊடியிருப்பவளிடம் வெறுங்கையோடு போவதினும், காணாமற்போன சிலம்பை மீட்டுக் கொடுத்தவனாய்ப் போவது எத்துணை இனியது! இந்த எண்ணம் பாண்டியனின் உள்ளத்தில் எழுந்ததென்று அடிகள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே நயம். இத்தகைய விருப்பங்கள் எண்ணமாக உருப்பெறாமலே மனிதரை இழுத்துச் செல்லும் வலிமை உடையன. தன்னை எது இழுத்தது என்று பின்னர்க் கேட்டால் அரசன் நீதியின்பால் கொண்ட ஆர்வமே என்றுதான் சொல்லியிருப்பான். அதை நம்பியும் இருப்பான்.

தீர்ப்பளிப்போரின் மனநிலையும் உடல்நிலையும் தீர்ப்பைத் திரிக்குமா என்பது இக்காலத்து ஆய்வாளரும் ஆராயும் பொருளே. இஸ்ரேல் நாட்டில் சிறையாளிகளை முன்கூட்டியே விடுவிப்பது பற்றி நீதிபதிகள் எண்மர் வழங்கிய 1,112 முடிவுகளை ஆராய்ந்து 2011-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. உணவு இடைவேளை முடிந்தவுடன் நூற்றுக்கு 65 அளவில் இருந்த இணக்கமான முடிவுகள், அமர்வு நீள நீள ஏறத்தாழ ஒன்றுமில்லாத நிலைக்கு இறங்கினவாம். உலகெங்கும் இதனை எடுத்தோதினர். ஆனால் அதே ஆண்டிலேயே மறுப்பும் எழுந்தது. வழக்குகள் முன்பின்னாகக் கலந்து வருவன அல்ல என்றும், வழக்கறிஞர் துணையில்லாத சிறையாளிகள் அமர்வின் இறுதியில் நிறுத்தப்படுவதே அந்த இறக்கத்திற்குக் காரணமாகலாம் என்றும் காட்டினர். பசிதான் காரணம் என்று ஆய்வைப் படித்தவுடன் நம்பியவர்களும் பாண்டியனைப் போலவே சற்று விரைந்துவிட்டனர் எனலாம். ஆகவே, ஊடலே கோவலனைக் கொன்றது என்று முடித்துவிடுதல் பொருந்தாது. ஊடல் வாயிலைத் திறந்து வைத்தது. உள்ளே புகுந்த பிழை வேறு.

அப்பிழையைக் காணுமுன் பொற்கொல்லன் சொல்லிய சொல்லை எடைபோட வேண்டும். அவன் பேச்சு மிக நுட்பமானது. கன்னக்கோல் இல்லாமல், கருவி எதுவும் இல்லாமல், மந்திரத்தையே துணையாகக் கொண்டு காவலரை உறக்கத்தில் ஆழ்த்திவிட்டு அரண்மனைச் சிலம்பைக் கவர்ந்த கள்வன், இப்போது தன் சிறு குடிலில் இருக்கின்றான் என்கின்றான். சுவரில் துளை உண்டா, பூட்டு உடைந்ததா, கண்ட காவலர் உளரா என்று எவரேனும் கேட்கக்கூடும் அன்றோ? கேட்பதற்கு முன்பே விடை வந்துவிட்டது. தடயம் இல்லை, ஏனெனில் கள்வன் மந்திரக்காரன். சான்று இல்லாமையையே சான்றாக மாற்றும் வித்தை இது. இப்படி ஒருவன் பேசத் தொடங்கினால் எந்தக் குற்றத்தையும் எவர் மீதும் சுமத்தலாம். மறுப்பதற்கு வழியே இராது.

சொன்னவனுக்கு இதில் ஆதாயம் உண்டா என்பது அடுத்த கேள்வி. படிப்போர்க்கு அது தெரியும். சிலம்பைத் திருடியவனே அவன்தான். பாண்டியனுக்குத் தெரியாது. எனினும் அரண்மனை அணிகலன்களோடு பழகும் தொழிலாளி ஒருவன், காணாமற்போன அணிகலனைப் பற்றித் தானே வலிய வந்து பேசினால், அவனையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்க்க வேண்டாவா? வள்ளுவர் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்து, ஆராயாமல் ஒருவரை நம்புதல் தீராத துன்பம் தரும் என்று கூறியதும் இதனைக் கருதியே.

இனி, அரசன் இட்ட ஆணை. இங்கேதான் பெரும்பாலான உரைகளும் உரையாளரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். பாண்டியன் கண்ணை மூடிக்கொண்டு ஆணையிட்டான் என்பர். அப்படி அன்று. அவன் ஒரு நிபந்தனை வைத்தான். தேவியின் சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் என்று சொல்லிவிட்டே, கொன்று சிலம்பைக் கொணர்க என்றான். ஆக, அரசன் தன் மனத்தளவில் ஆராய்ந்தே முடிவு செய்தான். சோதனை ஒன்றையும் வைத்தான். அச்சோதனை எத்தகையது என்பதே நம் கேள்வி.

கோவலன் கள்வன் என்று வைத்துக்கொண்டால், சிலம்பு அவன் கையில் இருக்கும். கோவலன் குற்றமற்றவன், தன் மனைவியின் சிலம்பை விற்க வந்தவன் என்று வைத்துக்கொண்டால், அப்போதும் சிலம்பு அவன் கையில்தான் இருக்கும். இரண்டு நிலையிலும் ஒரே விடை தரும் சோதனை எதனைச் சோதித்தது? ஒன்றையும் சோதிக்கவில்லை. சோதனை செய்துவிட்டோம் என்னும் மனநிறைவை மட்டும் தந்தது. சோதனையே செய்யாதவனைவிட இத்தகைய சோதனை செய்தவன் அதிகம் அஞ்சத்தக்கவன். ஏனெனில் அவனுக்கு ஐயமும் போய்விடுகின்றது.

1960-ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்து உளவியலறிஞர் பீட்டர் வேசன் இதனையொத்த மனப்போக்கை ஓர் எளிய விளையாட்டின் வழி வெளிப்படுத்தினார். 2, 4, 6 என்னும் மூன்று எண்களும் ஒரு விதிக்கு உட்பட்டவை. நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லுங்கள், விதிக்குப் பொருந்துமா பொருந்தாதா என்று சொல்லுவேன், அதைக் கொண்டு விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என்று மனத்துள் முடிவு கட்டியவர்கள் 8, 10, 12 என்றனர்; பொருந்தும் என்றார். 20, 22, 24 என்றனர், பொருந்தும் என்றார். விதி கண்டோம் என்று மகிழ்ந்தனர். விதியோ, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. 1, 2, 50 என்று சொல்லிப் பார்த்திருந்தால் தம் கருத்துப் பிழை என்று அறிந்திருப்பர். கலந்துகொண்ட 29 பேரில் முதல் விடையே சரியாகச் சொன்னவர் 6 பேர்தாம். தன் கருத்துப் பொய்யாக இருந்தால் எங்கே பொய்ப்படும் என்று தேடிப் பார்க்க மனித மனம் எளிதில் இசைவதில்லை. பாண்டியனின் நிபந்தனையும் 8, 10, 12 என்ற வகையைச் சேர்ந்ததே.

ஆணையில் அமைந்த ஒரு சொல்லைப் பற்றியும் பேச வேண்டும். அடியார்க்கு நல்லார் உரையை ஒட்டி ஆசிரியர்கள் ஒரு விளக்கம் கூறி வருகின்றனர். கொல்ல என்று சொல்லக் கருதிய அரசன் நாத் தவறிக் கொன்று என்று சொல்லிவிட்டானாம். ஊழ் அவன் நாவைப் புரட்டிற்றாம். செய என்னும் வாய்பாட்டு எச்சத்திற்கும் செய்து என்னும் வாய்பாட்டு எச்சத்திற்கும் இடையில் ஓர் உயிர் ஊசலாடியது என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் இலக்கணத்தை ஒருநாளும் மறவார். அவ்வகையில் அவ்விளக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் அது அரசனின் பிழையை நாவின் மேல் ஏற்றி மனத்தை விடுவிக்கின்றது. கொல்ல என்றே அவன் சொல்லியிருந்தாலும், கையில் இருந்தால் கள்வன் என்னும் நிபந்தனை அப்படியே நின்றிருக்கும். வேறுபாடு ஒன்றுண்டு, சிறிய வேறுபாடன்று. கோவலன் உயிரோடு அரசன்முன் வந்திருப்பான். உயிரோடு வந்தவன் வாய் திறந்திருப்பான். சிலம்பின் உள்ளே இருப்பது என்ன என்று ஒரு சொல் கேட்க வழி பிறந்திருக்கும்.

இவ்விடத்தில் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். தேவியின் சிலம்பில் இருப்பது முத்துப் பரல் என்பது பாண்டியனுக்குத் தெரியும். வழக்குரை காதையில் எவரையும் கேளாமல் அவனே அதனைச் சொல்லுகின்றான். அவனுக்கு ஐயம் இருந்திருப்பினும், உரியவள் சில அடித் தொலைவில், அவன் நின்ற வாயிலுக்கு உள்ளேயே இருந்தாள். உண்மையைக் காட்டும் அறிவு அரசனிடம் இல்லாமற் போகவில்லை. இருந்த அறிவைத் தொட்டெடுக்கும் கேள்விதான் எழவில்லை. அரிய ஆவணங்களைத் தேடி அலைய வேண்டிய வழக்கு அன்று இது. குடிலில் இருப்பவனிடம் ஒரே ஒரு கேள்வி அனுப்பினால் தீர்ந்திருக்கும்.

அரசன் ஆணையோடு காவலர் வருகின்றனர். கொலைக்களக் காதையின் இப்பகுதியைப் பாடத் தொகுப்புகள் சுருக்கிவிடுவது பெருங்குறை. ஒரு குழுவில் நல்ல ஐயம் எவ்வாறு பிறந்து எவ்வாறு சாகின்றது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டிய பகுதி தமிழில் அரிது.

பொற்கொல்லன் சிலம்பின் வேலைப்பாட்டையெல்லாம் காவலர்க்கு விளக்கிக் காட்டுகின்றான். அவன் காட்டியது வெளிப்புறம். அவர்கள் பார்த்ததும் அதுவே. ஆயினும் அவர்களுக்கு ஓர் ஐயம் எழுகின்றது. இவனது தோற்றத்தின் இலக்கணத்தைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லை என்கின்றனர். இவ்வையம் சரியானது. ஆனால் அதன் அடிப்படை தவறானது! முகத்தைப் பார்த்துக் குற்றமற்றவன் என்று சொல்பவர் நாளை முகத்தைப் பார்த்தே குற்றவாளி என்றும் சொல்லுவர். அடிப்படை வலுவற்றதாக இருந்தமையால்தான் அந்த ஐயத்தைப் பொற்கொல்லன் ஊதியே அணைத்துவிடுகின்றான்.

அவன் ஏளனமாக நகைத்துக் களவு நூல் பேசத் தொடங்குகின்றான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டும் கள்வர்க்குத் துணையாம். எட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து விரிக்கின்றான். கேட்போர்க்கு மலைப்பு உண்டாகின்றது. இவ்வளவு வரிசையாகச் சொல்பவன் தவறாகச் சொல்வானா என்னும் மயக்கம் அது. வரிசைப்படுத்திய எட்டில் ஒன்றேனும் கோவலனைப் பற்றியதா என்று எவரும் கேட்கவில்லை. இடையிடையே, இவர்கள் மருந்தில் மயங்கினால் அரசனின் தண்டனைக்கு நீங்களே ஆளாவீர் என்னும் அச்சத்தையும் தூவுகின்றான். பின்னர் ஒரு கதை: பகலில் தூதன் கோலத்தில் வாயிலில் நின்று, இரவில் பெண்கோலத்தில் உள்ளே புகுந்து, உறங்கிய இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்து, அவன் வாளையும் வென்று மறைந்த கள்வனின் கதை.

ஒரு கதை மற்றொரு கதையை அழைக்கும். வேல் தாங்கிய இளங்காவலன் ஒருவன் தன் அனுபவத்தைச் சொல்லுகின்றான். மழைக்காலத்து நள்ளிரவில், அகழும் உளியோடு, கருநிற உடையில், புலிபோல் வந்த கள்வன் ஒருவன் தான் உருவிய வாளையே பறித்துக்கொண்டு மறைந்தானாம். பிறகு அவனைக் காணவே இல்லையாம். கள்வர் செயல் அறிதற்கரியது, அரசனும் நம்மை ஒறுப்பான், செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள் என்று முடிக்கின்றான்.

இக்கதைக்கும் எதிரே இருப்பவனுக்கும் என்ன தொடர்பு? அக்கள்வன் உளியோடு வந்தான். இக்கள்வனோ கருவியே இல்லாதவன் என்பது பொற்கொல்லனின் வாக்கு. அவன் புலிபோல் பாய்ந்தான். இவன் அழைத்தவர் சொல்லை நம்பிக் காத்திருந்த வணிகன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஆயினும் கதை வேலை செய்துவிட்டது. நினைவுக்கு எளிதில் வருவதை உலகில் மிகுதியாக நிகழ்வதென்று மனம் கணக்கிட்டுவிடும் என்பதை டிவெர்ஸ்கி, கானமன் என்னும் இரு அறிஞர்கள் 1973-இல் சோதனைகளால் காட்டினர். இருட்டில் வாளைப் பறிகொடுத்தவனுக்குக் கள்வன் என்றாலே அந்த இரவு நினைவுக்கு வந்தது. எதிரிலிருந்த முகம் மறைந்தது. அவன் பொய் சொல்லவில்லை. உண்மையையே சொன்னான். தொடர்பில்லாத உண்மையும் பொய்யின் வேலையைச் செய்யும்.

முடிவைச் சொல்லுங்கள் என்று அவன் கேட்டதற்கு எவரும் சொல்லால் விடை கூறவில்லை. அக்குழுவில் இருந்த கள்ளுண்ட கல்லாதவன் ஒருவன் வாளை எறிந்துவிட்டான். பலர் சேர்ந்து முடிவு செய்ய முடியாமல் தயங்கும் இடத்தில், எண்ணவே தெரியாத ஒருவன் அனைவர்க்குமாக முடிவு செய்துவிடுகின்றான். மற்றவர்கள் எறியவில்லை, தடுக்கவும் இல்லை.

இனி வழக்குரை காதைக்கு வருவோம். இங்கே முதலில் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி இதற்கு முன்னர் உள்ள துன்ப மாலையில் இருக்கின்றது. தன் கணவன் கள்வனா என்று கண்ணகி கதிரவனைக் கேட்கின்றாள்; கள்வன் அல்லன் என்று ஒரு குரல் எழுகின்றது. உலகம் காணும் தெய்வமே சான்று கூறிவிட்டது. இதனினும் பெரிய சாட்சி ஒரு பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அரசவையில் அவள் அக்குரலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தனக்கு ஐயம் தீர்ந்தது வேறு; பிறர்க்கு மெய்ப்பிப்பது வேறு என்று அவள் அறிந்திருந்தாள். அவையிலுள்ளோர் அனைவரும் தம் கண்ணால் கண்டு ஒப்பக்கூடிய ஒன்றையே கையில் எடுத்தாள்.

கோப்பெருந்தேவியும் தீக்கனாக் கண்டு அரசனிடம் உரைத்திருக்கின்றாள். குடையும் கோலும் வீழ்வன போன்ற கனவுகள். காப்பியத்தில் நிமித்தங்களுக்குப் பஞ்சமில்லை. எனினும் வழக்கு நிமித்தத்தால் தீர்க்கப்படவில்லை என்பது கருதத்தக்கது.

கண்ணகி தன் ஊரையும் தன் குலத்தையும் சொல்லி, சிலம்பு விற்க வந்த கணவன் கொலையுண்டதைச் சொல்லுகின்றாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்கின்றான் அரசன். இந்த நிலையில் பேச்சு நின்றிருந்தால் வழக்கு ஓர் அடியும் நகர்ந்திராது. கள்வன் என்பான் ஒருவன். அல்லன் என்பாள் மற்றொருத்தி. தன்னிடமுள்ள இணைச் சிலம்பைக் காட்டினாலும் போதாது. வேலைப்பாடு ஒத்த சிலம்புகள் இருக்கலாம் என்பதற்கு அந்த வழக்கே சான்று. எனவே அவள் உள்ளே இருப்பதைச் சொல்லுகின்றாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள்.

அரசன் அச்சொல்லை நல்ல சொல் என்று பாராட்டுகின்றான். பாராட்டியதோடு, தம் சிலம்பின் பரல் முத்து என்றும் கூறுகின்றான். உடைப்பதற்கு முன்னரே கூறுகின்றான் என்பதில்தான் அவன் பெருமை இருக்கின்றது. உடைத்த பிறகு, எம் சிலம்பிலும் மாணிக்கமே என்று சொல்ல அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவையில் மறுப்பார் யார்? தனக்கு எதிராகத் தீர்ப்பு வரக்கூடிய வழியைத் தானே முன்கூட்டித் திறந்து வைக்கின்றான். முதற்சோதனையில் இரு நிலைக்கும் ஒரே விடை. இச்சோதனையில் முத்து வந்தால் அரசன் வெல்வான், மாணிக்கம் வந்தால் கண்ணகி வெல்வாள். மூன்றாம் வழி இல்லை. சிலம்பு உடைந்தது, மணி அரசன் முகத்தெதிரே தெறித்தது.

அடுத்து அரசன் தன்மேல் சுமத்திக்கொள்ளும் குற்றம் எது என்று பார்த்தால் வியப்பு மேலிடும். ஊழைக் காரணம் காட்டவில்லை. காவலரைக் குறை கூறவில்லை. பொற்கொல்லனைப் பிடித்து வருக என்றும் ஆணையிடவில்லை. பொன் வேலை செய்வான் ஒருவனின் சொல்லைக் கேட்ட தானே கள்வன் என்கின்றான். அவன் கண்ட குற்றம் முடிவின் விளைவில் இல்லை; முடிவுக்கு வந்த வழியில் இருக்கின்றது. இவ்வளவு கூர்மையாகத் தன் பிழையைக் கண்டவனை, அவசரக்காரன் என்று ஒரே அடைமொழியில் அடக்குவது மேடைக்கு ஏற்கும், திறனாய்வுக்கு ஏலாது.

(சான்று கேட்டு வென்ற கண்ணகி, பின்னர் மதுரையை எரித்தது எந்தச் சான்றின்மேல் என்று மாணவர் எவரேனும் கேட்டால் ஆசிரியர் கடிந்துகொள்ள வேண்டா. பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விலக்குமாறு அவள் தீக்கு ஆணையிட்டாள் என்பது உண்மையே. ஆயினும் அது தனியே எழுதப்பட வேண்டிய பொருள்.)

எல்லாம் ஊழின் செயல் என்று காப்பியமே சொல்லியிருக்க, அரசனின் முறையை ஆராய்வது வீண் அன்றோ என்று ஒரு சாரார் கேட்பர். நேர்மையான கேள்வியே. முதல் ஆணையிடும் இடத்தில் வினை விளையும் காலம் வந்ததை அடிகள் குறிக்கத்தான் செய்கின்றார். ஆனால் பதிகம் காப்பியத்தின் நோக்கமாக உரைக்கும் மூன்றனுள், ஊழ்வினை வந்து ஊட்டும் என்பதோடு, அரசியலில் பிழைத்தோர்க்கு அறமே கூற்றமாகும் என்பதும் ஒன்று. பிழை முழுவதும் ஊழின் கையில் என்றால் அரசனை அறம் தண்டிப்பது எங்ஙனம்? இரண்டையும் ஒருசேர நிறுத்தவே அடிகள் விரும்பினார். ஊழ் இருக்கின்றது, ஆயினும் அது மந்திரக்கோல் போல் வந்து தொடுவதில்லை. ஊடல், நேரம், இடம், நயவஞ்சகப் பேச்சு, அச்சம், கதை, கள் என்று மனித வழிகளின் ஊடேதான் அது நடக்கின்றது. ஒவ்வொரு வழியிலும் ஒருவர் நின்று கேட்டிருக்கலாம்.

அந்த ஊழ்தான் எது? கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கோவலனின் முற்பிறப்பைக் கூறுகின்றது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் (பெயரைக் கண்டு இங்குள்ள சிங்கப்பூரோடு முடிச்சுப் போட வேண்டா) அரச ஊழியனாயிருந்த பரதன் என்பவனே கோவலன். பகை நாட்டுக் கபிலபுரத்திலிருந்து மனைவியோடு அணிகலன் விற்க வந்த சங்கமன் என்னும் வணிகனை, ஒற்றன் என்று அரசனிடம் காட்டிக் கொல்வித்தான் பரதன். வேற்றூரிலிருந்து மனைவியோடு வந்த வணிகன்; விற்க வந்த அணிகலன்; அரசனிடம் ஒருவன் சொன்ன சொல்; ஆராயாத கொலை. மதுரையில் நிகழ்ந்தது அப்படியே சிங்கபுரத்திலும் நிகழ்ந்திருக்கின்றது. ஊழ் என்று அடிகள் காட்டும் பழவினையும் ஆராயாமல் செய்த ஒரு முடிவே என்றால், ஊழைக் காட்டி ஆராய்ச்சியைத் தள்ளுவார்க்குக் காப்பியம் துணை நிற்கவில்லை என்பது தெளிவு.

வகுப்பறைக்கு இவற்றால் ஆகும் பயன் என்ன என்று ஆசிரிய அன்பர்கள் எண்ணலாம். தோட்டப் பள்ளியாயினும் நகரப் பள்ளியாயினும், ஒரு மாணவனின் ஐந்து வெள்ளி நோட்டுக் காணாமற் போகாத ஆண்டு இல்லை. காணாமற் போனவுடன் வகுப்பின் கண்கள் தாமாகவே ஒரு பக்கம் திரும்பும். வழக்கமாகக் காசு கொண்டுவராத பிள்ளை, சட்டை கிழிந்த பிள்ளை, சென்ற ஆண்டு வேறொன்றில் அகப்பட்ட பிள்ளை. அவன் பையைப் பார்த்தால் ஐந்து வெள்ளி இருக்கின்றது. கையில் இருந்தது, போதாதா? பாண்டியனுக்கு அது போதுமானதாயிருந்தது. அந்த நோட்டு மடித்திருந்ததா, மூலை கிழிந்திருந்ததா, மை பட்டிருந்ததா என்று இழந்தவனைத் தனியே கேட்டுவிட்டு, வைத்திருந்தவனையும் தனியே கேட்டு, பிறகு நோட்டைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. இழந்தவன் அடையாளம் சொல்ல முடியாதபோது, தெரியவில்லை என்று வகுப்பின்முன் ஒப்புவதும் ஆசிரியரின் கடமையே. தெரியவில்லை என்று சொல்லப்பட்ட பிள்ளை மறுநாளும் பள்ளிக்கு வருவான். கள்ளன் என்று சொல்லப்பட்ட பிள்ளை வருவான் என்பதற்கு உறுதியில்லை.

அதே கட்டுரை காதையில் இன்னொரு வழக்கும் உண்டு. அதைப் பலர் படிக்காமலே விட்டுவிடுகின்றனர். சேரனிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய பராசரன் என்னும் அந்தணன், பாண்டி நாட்டுத் திருத்தங்காலில் தங்கியபோது, வார்த்திகன் என்பவனின் மகன் தட்சிணாமூர்த்தி என்னும் சிறுவன் பிழையின்றி மறை ஓதக் கேட்டு மகிழ்ந்து, அணிகலன்களை அளித்துச் சென்றான். சிறுவன் அவற்றைப் பூண்டு திரியக் கண்டு பொறாத அரச ஊழியர், அரசுக்குரிய புதையலைக் கவர்ந்தான் என்று வார்த்திகனைச் சிறையில் இட்டனர். இங்கும் அணிகலன் கையில் இருந்தது. இங்கும் அதுவே குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. அவன் மனைவி கார்த்திகை அழுது புரண்டாள். கொற்றவை கோயிலின் கதவு திறவாமல் நின்றது. பாண்டியன் காரணம் வினவினான், உண்மை அறிந்தான், வார்த்திகனை விடுவித்து, அறியாதவர்களால் முறை திரிந்தது, பொறுக்க வேண்டும் என்று வேண்டி, திருத்தங்காலையும் வயலூரையும் அளித்தான். அத்தோடு நில்லாமல், புதையற் பொருள் இனிக் கண்டெடுத்தவர்க்கே உரியது என்று பறையறைவித்தான். அப்பழிக்கு இடம் தந்த விதியையே மாற்றிவிட்டான்.

வார்த்திகன் சிறையில் இருந்தான். அதனால் அரசன் வினவியபோது விடுவிக்க ஓர் ஆள் இருந்தான். வழக்குரை காதைக்கு வகுப்பில் ஆறு பாடவேளை ஒதுக்கும் ஆசிரியர்கள், ஒன்றைக் குறைத்து இந்த வார்த்திகன் கதைக்குக் கொடுக்கலாம். கொலைக்களக் காதையில் காவலர் பேசும் பகுதியை மாணவர்களைக் கொண்டே நடிக்கச் செய்து, எந்த இடத்தில் எவர் எந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம் என்று அவர்களையே எழுதச் சொல்வதும் தகும்.